பால் ஊற்றிய முட்டைகள்

மகனுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. மண்டபம், பூ, சாப்பாடு என்று உனக்கும் ஆரணிக்கும் தலைக்கு மேல் வேலை. இந்த நேரத்தில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவது நல்ல தாய் செய்கிற காரியம் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கி மூச்செடுக்கிற இடத்தில் நீ "ஓகே அம்மா" என்று விடுவாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல் வராது. என் கூச்சம் உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுக்க வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்காமல், பின்வரிசையில் இருந்து பார்த்தும் எழுதியுமே பட்டம் வாங்கினவள் நான். எனக்கு எழுதத்தான் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்தது இதற்குக் காணாவிட்டால் ஆரணியிடம் கொடு, அவள் வாசித்துக் காட்டட்டும். அவளும் கேட்கவேண்டியதுதான். மாமியின் கையில் கிடைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஒளித்து வாசிக்க இதில் ஒன்றும் இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ லீட்ஸிலிருந்து எடுத்தபோது சொன்னாய்: "அம்மா, மேடையிலை மாமியும் மாமாவும் நிக்கட்டும். அதுதான் முறையாம், மாமி சொல்றா. ஒரு மணித்தியால வேலைதானே. எனக்குச் சண்டை வேண்டாம்." தாரை வார்க்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் தகப்பனாக உன் அப்பாவின் அக்காவும் அவருடைய கணவரும் நிற்பார்கள். புருசன் இல்லாத நான் கீழே, ஒரு தூண் பக்கமாக, நல்ல காரியத்துக்குக் குறுக்கே வராமல் இருக்கவேண்டும். நான் "சரி" என்றேன். அந்தச் சரியை இப்போது திருப்பி எடுக்கிறேன். மேடையில் உன் தாயாக நான்தான் நிற்பேன். பக்கத்தில் உன் அப்பாவின் இடம் வெறுமையாக இருக்கட்டும், அது அவருடைய இடம். இதை நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். கேட்பதற்கு வேறொன்று இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இடையில் உள்ளது தெரியாமல் அதைக் கேட்டால், அம்மாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று நீ யோசிப்பாய்.

மாமியில் உனக்கு இருக்கிற பாசத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஷிப்ட் இருந்த நாட்களில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்தது அவர்தான். மீனில் முள்ளு எடுத்துத் தந்து சாப்பாடு தீத்தியதும் அவர்தான். எனக்கும் அவர் உதவி செய்திருக்கிறார். நான் பத்தொன்பது வயதில் உன் அப்பாவைக் கட்ட வவுனியாவிலிருந்து வந்த புதிதில், ஒரு சொல் ஆங்கிலம் தெரியாமல் குரோய்டன் விசா ஒபிசு வரிசையில் நின்றபோது, ஜேர்மனியிலும் லண்டனிலும் ஒபிசுகள் ஏறி இறங்கிப் பழகின மாமி என் பக்கத்தில் நின்று, என் பத்திரங்களைத் தன் கைப்பையில் வைத்திருந்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும்படி அவர் விட்டதும் இல்லை. கோயிலில் யாரைக் கண்டாலும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவவுக்கு நான் இல்லாட்டி விசாவே இல்லை" என்று சொல்லுவார். நான் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

என் சாதகத்தில் ராகு இருக்கக் கூடாத வீட்டில் இருந்தது. கிரகங்களில் ராகு பாம்பு. பொருத்தம் பார்த்தவர் பெரிய குற்றம் இல்லை என்று சொன்ன பிறகுதான் எங்களைக் கட்டிவைத்தார்கள். உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது உன் அப்பா வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸில் இருந்தபடியே நெஞ்சு நின்று செத்துப்போனார். செத்தவீட்டன்று நம்முடைய முன் அறையில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் மாமி சொன்னார்: "இவளின்ரை சாதகத்திலை கிடந்த பாம்பு என்ரை தம்பியைத் திண்டுட்டுது." பிறகு என்னைக் கையில் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய், குழாயில் சேலைத் தலைப்பை நனைத்து, என் நெற்றியில் இருந்த பொட்டைத் துடைத்தார். ஒருமுறை துடைத்தாலே போயிருக்கும். அவர் மூன்று நான்கு தரம் தேய்த்தார். தோல் எரிந்தது. தலைமயிர் வெட்ட இருப்பவள் மாதிரி நான் அசையாமல் நின்றேன். கண்ணாடியில் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அழுகை இல்லை. அடுப்பில் ஒட்டிக்கிடந்த கறையை எடுக்கிறவரின் முகம் அது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு அடுத்த கிழமை, பிள்ளையைப் பார்க்க வசதியாக இருக்கும் என்று சொல்லி வீட்டுச் சாவியில் ஒன்றை வாங்கிக்கொண்டார். நானே கொடுத்தேன்.

நீயும் ஆரணியும் வீடு எடுக்கும்போது இதை நினைவில் வைத்திரு. சாவியைப் பாசத்துக்காக யாருக்கும் கொடுக்காதே. எனக்கும் தராதே. நான் மணியடித்து வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் திரும்பிப் போகிறேன்.

இனிப் பாம்புக்கு வருகிறேன். பதினைந்து வயதில் நீ அந்த முதல் கோர்ன் ஸ்நேக்கைப் பள்ளிக்கூடப் பையில் வைத்து, யாரோ சிநேகிதன் வீடு மாறுகிறானாம், வைத்திருக்க ஏலாதாம் என்று சொல்லிக் கொண்டுவந்தாய். செம்மஞ்சள் நிறம், பென்சில் மொத்தம், நஞ்சில்லாதது. நூடில் என்று பெயரும் வைத்துவிட்டாய். நான் அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லத்தான் இருந்தேன். எனக்கும் பயம். உன் துணிகளோடு அது என் துணிகளுக்குள்ளும் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தநேரம் பார்த்து மாமி தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மேசையில் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் நூடிலைக் கண்டார். அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஏன், இந்த வீட்டுக்கு ஒரு பாம்பு காணாதே?" என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இந்த வீட்டுக்கு ஒரு பாம்பு போதும், அது நான் என்பது உனக்கு விளங்கியிருக்காது, உன்னிடம் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் முடிவெடுத்தேன். அந்தப் பாம்பு இந்த வீட்டில்தான் இருக்கும். "அம்மா எவ்வளவு நல்லவ, பாம்பு வைச்சிருக்க விட்டவ" என்று நீ ஆரணிக்குச் சொல்லியிருக்கிறாய். இப்போது சொல்கிறேன், உன்னில் உள்ள அன்பு அதில் அரைவாசிதான். மிச்சம் மாமிக்கானது.

அது வேலை செய்தது. அன்று தொடக்கம் மாமி முன் அறையைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில், செருப்பைக் கழற்றாமல், கால்களைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். குசினிக்குள் வந்து என் சட்டிகளைத் திறந்து பார்ப்பது நின்றது. அலுமாரியைத் திறந்து என் சேலைகளின் நிறம் பார்ப்பதும் நின்றது. நூடில் தன் பெட்டிக்குள் சுருண்டு நித்திரை கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவன் காவலில் நான் மாலை வகுப்புகளுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் ஆனேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இப்போது பார்க்கிற வேலையும் அப்படிக் கிடைத்ததுதான். பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டினபோது மாமி கதிரையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "நெத்தி வெறுமையா இருந்தால் எந்தப் படமும் எடுபடாது" என்றார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று சீனி போட மறந்த மாதிரி நடித்தேன். அந்த நாட்களில் என் பழிவாங்கல் அவ்வளவுதான்.

நீ வேலை கிடைத்து லீட்ஸுக்குப் போனபோது நூடிலையும், பிறகு வந்த மிளகாயையும் வீட்டில் விட்டுப்போனாய். கலியாணத்துக்குப் பிறகு கொண்டுபோவதாகச் சொன்னாய். வசந்தம் தொடங்கினபோது மிளகாய் பருத்து, சாப்பாட்டை மறுத்து, நீ சொன்னபடி நான் வைத்த ஈரப்பாசிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால், நீளமான வெள்ளை முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குவியலாகக் கிடந்தன. கோழி முட்டை மாதிரி ஓடு இல்லை, தோல். தொட்டால் ஈரத் தோடம்பழத் தோலைத் தொட்ட மாதிரி இருந்தது. நீ வீடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தாய். கோழி முட்டையைப்போலப் புரட்டக் கூடாது, மேல்பக்கம் எதுவோ அதிலே பென்சிலால் சின்ன அடையாளம் போடு, ஒட்டியிருப்பதைப் பிரிக்காதே, ஈரமான வேர்மிகுலைற் மண்ணில் வை, கையில் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உன் பழைய அறையில், முன் கதவுக்கு நேர் மேலே இருக்கிற அந்தச் சின்ன அறையில், இன்குபேற்றரை வைத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் வெப்பம் பார்ப்பேன், வந்தவுடன் மறுபடி பார்ப்பேன். நீ டோர்ச் பிடித்துப் பார்க்கச் சொன்ன நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு முட்டையில் வெளிச்சத்தை வைத்தேன். உள்ளே இளஞ்சிவப்பில் நரம்புகள், நனைந்த இலையில் தெரிவதுபோல ஓடின. ஆய்வுகூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மைக்றோஸ்கோப் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கென்று ஒன்றைப் பார்த்தது அன்றுதான். உனக்குப் போன் எடுத்து, "எல்லாத்துக்கும் உயிர் இருக்குது" என்று சொன்னேன். அதை இரண்டு தரம் சொன்னேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

பிறகு அந்த நாள் வந்தது. வேலையால் வந்து கதவைத் திறந்ததுமே மணத்தது. கற்பூரமும் பச்சைப்பாலும். படியில் மஞ்சள் சொட்டுகள். மேலே உன் அறைக் கதவு திறந்து கிடந்தது, இன்குபேற்றரின் மூடி கட்டிலில் இருந்தது. முட்டைப் பெட்டிக்குள் பால் குளமாக நின்றது. மஞ்சள் கரைந்த பால். அதில் ஒரு செவ்வரத்தம்பூ மிதந்தது. பக்கத்தில் என் தேநீர்க் கோப்பையின் கீழ்த்தட்டில் கற்பூரம் எரித்த கரி. நூடிலும் மிளகாயும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாமிக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி.

"ஓம், நான்தான் வந்தனான்" என்றார். "கலியாணம் நடக்கப்போற வீட்டிலை பாம்பு முட்டை கிடக்கக் கூடாதாம், சாத்திரி சொன்னவர். பாலும் மஞ்சளும் வார்த்துக் குளிரப் பண்ணினனான். நீர் செய்யவேண்டிய வேலை."

"பால் பட்டால் அதுகள் செத்துப்போம், மச்சாள்."

"செத்தால் அது அதுகளின்ரை விதி. என்ரை பிள்ளை கட்டப்போற தாலிக்கு ஒண்டும் வரக் கூடாது. இந்த வீட்டிலை ஒரு தாலி இறங்கினது காணும்."

நான் போனை வைத்தேன். அன்று பின்னேரம் உனக்குச் சொன்னேன், முட்டையெல்லாம் போய்விட்டதென்று. உனக்கும் கவலைதான், தெரியும். ஆனாலும் சொன்னாய்: "அவவுக்குத் தெரியாதுதானே அம்மா. பாசத்திலை செய்தவ. பாவம்."

பாவம் என்ற சொல்லை யாருக்குக் கொடுக்கிறாய் என்று பார்த்துக் கொடு மகன். மாமிக்குத் தெரியும். உனக்கு நினைவில்லை, எனக்கு இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று வெம்பிளியில், ஆரணி வீட்டு முன் அறையில், நீ முட்டைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஆரணியின் அம்மா ஒரு அடி தள்ளி இருந்துகொண்டு, இதுகள் பழுதாகாதோ என்று கேட்டார். ஈரம் கூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும், தோலுக்குள்ளால்தான் அதுகள் மூச்செடுக்கிறது என்று சொன்னாய். மாமி உனக்குப் பக்கத்தில் மரக்கறி றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, பால் வார்த்தால்?" என்று கேட்டார். நீ சிரித்தாய். "பால் எண்டால் அவ்வளவுதான் மாமி, நாறிப் போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் மாமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றது நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தார். அதற்குப் பிறகு கையில் இருந்த பாதி றோல்ஸைத் தொடவேயில்லை. பேசாதவளுக்கு உள்ள ஒரே வசதி, மற்றவர்கள் பேசும்போது எல்லாருடைய முகங்களையும் பார்க்கலாம்.

இன்னுமொன்று. இத்தனை வருசமாகப் பாம்புப் பயம் என்று செருப்போடு வாசலில் இருந்தவர், அன்று ஒருவரும் இல்லாத வீட்டில் படியேறி, இரண்டு பெரிய பாம்புகள் இருக்கிற அறைக்குள் போய், ஆறுதலாகக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பயந்தவர் செய்கிற வேலை இல்லை அது. அவர் நம்முடைய வீட்டுக்குள் வராமல் இருந்ததற்குக் காரணம் நூடில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் மடைத்தனம். என் வீட்டில் என்னோடு கலந்து இருக்க அவருக்கு அருவருப்பு, அதற்கு நூடில் ஒரு சாட்டு, அவ்வளவுதான். அவர் அழிக்கவேண்டும் என்று நினைத்தது பாம்பையும் இல்லை. நான் ஒன்றை உயிரோடு வைத்துப் பார்த்து, அதைப்பற்றிச் சம்பந்தி வீட்டில் நீ பெருமையாகப் பேசினாயே, அதைத்தான்.

இப்போது உனக்கு நான் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். முட்டையெல்லாம் போகவில்லை. உனக்குப் போன் எடுக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். பிறகு வீசுவதற்காகப் பெட்டியைத் தூக்கினபோதுதான் கண்டேன், பென்சில் அடையாளங்கள் எல்லாம் மேலேயே இருந்தன. ஊற்றினாரே தவிர அவர் கையால் தொடவில்லை. குவியலின் அடியில் கிடந்தவைதான் பாலுக்குள் அமிழ்ந்திருந்தன. மேலே ஒட்டிக்கொண்டிருந்த சில, அடியில் உள்ளவற்றின் முதுகில் நின்ற மாதிரி, பால்மட்டத்துக்கு மேலே நின்றன. சாய்க்காமல் குவியலை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, சமையல் கடதாசியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, புது மண்ணில் வைத்தேன். அடியில் இருந்தவை மஞ்சளாகி, குழிந்து, பூஞ்சணம் பிடித்தன. பிரிக்க ஏலாததால் அவற்றை அப்படியே விடவேண்டியிருந்தது, நாற்றத்தோடு. அழுகின பகுதியை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்து, கவுன்சில் தந்த சாப்பாட்டுக் குப்பை வாளிக்குள் போட்டேன். ஒவ்வொருமுறை போடும்போதும் மாமியின் பெயரைச் சொன்னேன். கூசாமல் சத்தமாகச் சொன்னேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க?

நீ பிறகு ஒருநாளும் அவற்றைப்பற்றிக் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆரணி வாய் திறக்காமல் இருந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதே. உன் தகப்பன் வழியில் எல்லோரும் சத்தம் போடுகிறவர்கள். அதனால் சத்தம் இல்லாத இடத்தில் நோவும் இல்லை என்று நினைப்பீர்கள். போய்க் கேட்டுப் பார். இரண்டாம் முறையும் கேள்.

மூன்று பொரித்தன. முதலில் முட்டைத் தோல் காற்றுப்போன பலூன்போல உள்ளே அமுங்கியது. அதுவும் செத்துவிட்டது என்று நினைத்து ஆய்வுகூடத்தில் வேலை ஓடவில்லை. வந்து பார்த்தால் தோலில் பிளேடால் கீறின மாதிரி ஒரு வெட்டு, அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. என் சின்ன விரல் நகம் அளவு தலை. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. பிறகு மறுபடி வந்தது. அவசரமே இல்லை அதற்கு. தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, வெளியே வருவது பிரயோசனமான காரியமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு பகல் முழுக்க இருந்தது. உள்ளே மிச்சமிருக்கிற மஞ்சட்கருவைக் குடித்து முடிக்கும்வரை இழுக்கக் கூடாது என்று நீ எப்போதோ சொன்னது நினைவிருந்தது. நான் தொடவில்லை. உன் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கிழமையே ஆள் பிடித்து முன் கதவுப் பூட்டை மாற்றினேன். மாமிக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் கலியாணச் சேலைகள் இரண்டு பையோடு வந்தார். நான் மேலே, சின்ன அறையில் இருந்தேன், கையில் முதல் குட்டி. யன்னலால் நேரே கீழே தெரிந்தது. சாவியைப் போட்டார், அது திரும்பவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டார். தலைகீழாகப் போட்டார். கதவை முழங்காலால் தள்ளிப் பார்த்தார். என்னுடைய வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் ஒன்றைப் பார்த்தது குறைவு. கொஞ்சநேரம் பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு அவர் மணியடித்தார், சாவி வாங்கின பிறகு முதல் தடவையாக. நான் குட்டியோடுதான் போய்த் திறந்தேன். அது என் பெருவிரலைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டியது.

"வாங்கோ மச்சாள்" என்றேன். "நீங்கள் பால் வார்த்த முட்டையிலை வந்தது."

மாமி ரோட்டுக் கரைவரை பின்னால் போனார். இந்தமுறை பயம் உண்மை. "உமக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். "கலியாண வீட்டிலை… தம்பிக்குச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ. ஒரு பாம்பு காணாதே எண்டு கேட்டனீங்கள். இப்ப அஞ்சு நிக்குது. என்னோடை ஆறு."

அவ்வளவுதான் பேசினேன். கதவைச் சாத்தினேன், அடித்துச் சாத்தவில்லை, மெதுவாக. பிறகு படியில் இருந்து சிரித்தேன். அதற்கு அடுத்தநாள்தான் நீ போன் எடுத்து மேடையில் மாமி நிற்கட்டும் என்றாய். அந்த யோசனை எங்கே இருந்து வந்தது, ஏன் அவ்வளவு அவசரமாக வந்தது என்று இப்போது உனக்கு விளங்கும். முட்டையோடு அவருடைய வேலை முடியவில்லை. மேடையும் வேண்டும். இருபது வருசத்துக்கு முன் குளியலறையில் செய்ததை இந்தமுறை முந்நூறு பேருக்கு முன்னால், உன் கையைக்கொண்டு செய்யப் பார்க்கிறார்.

நீ மன்னிப்பைப்பற்றிச் சொல்வாய். உன் தலைமுறைக்கு அந்தச் சொல் சுலபமாக வருகிறது. நான் மன்னிக்க மாட்டேன். மன்னிக்கும்படி யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. மற்றவருக்காக நீ தூது வந்து வாங்கிக் கொடுக்கிற சாமான் இல்லை அது. ஆரணியிடமும் அப்படி ஒருநாளும் வாங்காதே. ஆனால் பயப்படாதே, உன் கலியாணத்தில் நான் சத்தம் போடமாட்டேன். அழமாட்டேன். மேடையில் ஒரு சொல் பேசமாட்டேன். அலுமாரியின் அடியில் என் கூறைச் சேலை இருக்கிறது, அரக்குச் சிவப்பு. உன் அப்பா வாங்கி, எங்கள் கலியாணத்தன்று நான் கட்டினது. அதை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். அதைத்தான் உடுத்து வருவேன். மாமியைக் கூப்பிடவேண்டாம் என்று நான் கேட்கப்போகிறேன் என்று இவ்வளவு நேரமும் நீ நினைத்திருப்பாய். இல்லை. அவர் கட்டாயம் வரவேண்டும்.

நான் கேட்பது இதுதான். மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் தட்டில் வைத்து, வருகிற பெண்களுக்குப் பொட்டு வைத்து வரவேற்கிற வேலையை மாமிக்குக் கொடு. அவருக்குப் பிடித்த வேலை, உடனே ஓம் என்பார். ஆரணியின் ஆட்கள் வெம்பிளியிலிருந்து வந்து இறங்குகிற நேரமாகப் பார்த்து நான் வருவேன், வெறும் நெற்றியோடு. நீ என் பக்கத்தில் வா. வாசலில் நின்று, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "மாமி, அம்மாவுக்குப் பொட்டு வையுங்கோ" என்று சொல். வேறொன்றும் சொல்லவேண்டாம். அவர் வைக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதே. அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, நான் அசையாமல் நின்று பழகினவள். எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று அவருக்குக் காட்டத் தேவையில்லை.

அம்மா